பிணை நின்ற மாநிலம்

கல்லூரியில் சேரப் பணம் இல்லாத பிள்ளைக்காக ஓர் அரசே வங்கியிடம் பிணை நிற்குமா? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் நின்றது. 1963-ல் அந்த மாநிலச் சட்டமன்றம் உயர்கல்வி உதவி முகமை ஒன்றைத் தொடங்கியது. அதன் தலைமையகம், மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில் இருக்கிறது. சொத்தோ சம்பளமோ இல்லாத 18 வயதுப் பிள்ளையை நம்பி வங்கிகள் லேசில் கடன் கொடுத்துவிடுமா? அங்கேதான் முகமை கைகொடுத்தது. கடனை மாணவர் கட்டத் தவறினால், பாக்கியை அதுவே தீர்த்துவிடும். அந்த உறுதிமொழியை நம்பி வங்கிகள் கல்விக்கடன் கொடுத்தன. சில ஆண்டுகளில், திருப்பிக் கட்டவே வேண்டாத உதவித்தொகையையும் முகமை வழங்கத் தொடங்கியது. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படும் அந்தத் தொகை, பென்சில்வேனியா மாணவர்களுக்கு இன்றும் கிடைத்து வருகிறது.