பாட்டியோடு பழைய சாலையில்: ஈப்போவிலிருந்து தைப்பிங் வரை

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தைப்பிங்கிற்கு அழைத்துப் போகிறீர்களா? வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் விரைவில் போய்ச் சேரலாம். ஆனால் வழியில் நம் கதை எதுவும் கண்ணில் படாது. ஒருமுறை பழைய சாலையில் போய்ப் பாருங்கள். தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டி வீட்டிலிருந்தால், அவருக்கே முன் இருக்கை!

பெரட்டு நேரத்தில் எழுந்து, வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும்.

சுண்ணாம்புக்கல் மலைகளைப் பார்த்தபடி செம்மோரைக் கடந்தால் சுங்கை சிப்புட். துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்க 1960-இல் அவர் கூட்டுறவுச் சங்கம் கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது கோலகங்சார். 1917-இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலின் பொற்கூரையைப் பார்த்துவிட்டு, மாவட்ட அலுவலகத்தருகே நிற்கும் ரப்பர் மரத்தடியில் சற்று நில்லுங்கள். 1877-இல் வந்த முதல் கன்றுகளில் எஞ்சியது இது என்பார்கள். நம் முன்னோரைக் கடல் கடந்து வரவழைத்த மரமல்லவா! கத்தி வேண்டாம், கோடு எப்படி இறங்கும் என்று பாட்டி விரலாலேயே காட்டட்டும்.

பாடாங் ரெங்காஸ் தாண்டினால் தைப்பிங். ஈயம் தோண்டிய குழிகளே அங்கே ஏரிப் பூங்காவாயின. தூங்குமூஞ்சி மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரியுங்கள்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் வரலாம். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன; கதை சொல்ல ஆளிருக்கும்போதே போய் வாருங்கள்.