கள்ளுக்கடைக்கு வழிமறித்த பாட்டு

1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பாப் டிலன் மின்கிதாரை மீட்டியபோது, பாமரர் பாட்டின் தூய்மையைக் குலைத்துவிட்டார் என்று ரசிகரில் ஒரு சாரார் கூச்சலிட்டது உலகறிந்த சரித்திரம். அதே தசாப்தத்தின் பிற்பகுதியில், இலங்கையின் அம்பாறையிலுள்ள ஹாடி கல்விக்கூடத்தில் மாணவராயிருந்த உரும்பிராய்க்காரர் நித்தி கனகரத்தினம், கிதாரைக் கையிலேந்தி யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழைத் துள்ளவைத்த வரலாறோ நம்மில் பலர் அறியாதது.

அவர் பாடிய 'சின்ன மாமியே' பெரும் பிரசித்தி பெற்றது. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்ற பாட்டையும் ஜனங்கள் கேட்டார்கள், அதற்கு ஆடினார்கள். ஆனால் அதன் அருமைக்குரிய மதிப்பை அளித்தார்களா என்றால், இல்லை என்றே சொல்வேன்.

போர்த்துக்கீசியர் காலத்துக் கலப்பில் தோன்றி, வாலி பஸ்தியன்ஸ் என்னும் போலீஸ்காரரால் சிங்களவரிடையே செல்வாக்கடைந்த பைலா இசையின் துள்ளலே இத்தகைய பாட்டுக்களுக்கு ஆதாரம். குடியை நிந்திக்கும் பாட்டுக்கள் நம்மிடம் ஏராளமாக உண்டெனினும், அவற்றுள் பெரும்பாலானவை மேடைமீது நின்று உபதேசிப்பவை; இந்தக் கள்ளுக்கடைப் பாட்டிலோ, குடிப்பவனை நேசிக்கும் ஒரு ஜீவன் அவன் காலைப் பிடித்துக்கொண்டு மன்றாடுகிறது. அந்தத் துயரத்துக்கு ஆட்டத் தாளம் எதற்கு என்று கேட்கலாம். சோக ராகத்தில் பாடியிருந்தால் அவன் காதைப் பொத்திக்கொண்டு போயிருப்பான். கள்ளுக்கடைக்குப் புறப்பட்ட கால்கள் தாளத்தில் சிக்கி நின்றுவிடுவதால், சொல்லையும் கேட்டாக வேண்டியதாகிறது. நடவிலும் கும்மியிலும் மனவேதனையைத் துள்ளுநடையில் ஏற்றிப் பாடிய நம் கிராமத்துப் பெண்களுக்கு இந்த உபாயம் புதிதன்று.

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில், தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியும் சரவெடி பின்னியும் கூலி ஈட்டிய பெண்களுக்கு இந்தப் பாட்டு வெறும் வேடிக்கையாக ஒலித்திருக்க முடியாது. இலங்கை வானொலி கடல் கடந்து வந்து நம் தென்மாவட்டங்களின் செவியை ஆண்ட காலம் அது; 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, அதுகாறும் மூடிக்கிடந்த கடைகள் திறந்தபின், புருஷனின் சம்பளம் முழுதாக வீடு வந்து சேருமா என்று சனிக்கிழமை மாலைகளில் கலங்கியவர்களுக்கு, யாழ்ப்பாணத்து மன்றாட்டு தங்கள் வீட்டுப் பேச்சாகவே பட்டிருக்கும்.

திரைப்படத்துக்கென எழுதப்படாததால், நட்சத்திரங்களின் முகம் இந்தப் பாட்டுக்கு வாய்க்கவில்லை. தமிழிசையின் அறுபதுகளைப் பற்றி எழுதுவோர் விசுவநாதன்-ராமமூர்த்தியோடும் கே.வி. மகாதேவனோடும் நின்றுவிடுகின்றனர். நாட்டுப்பாட்டும் கிதாரும் கூடிய இசையை அந்நியரிடம் தேடிப் பரவசமடையும் இளைஞர்கள், இந்த ஒரு பாட்டை, ஆடாமல், ஒருமுறை சொல் சொல்லாகக் கேட்க வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.