யாரும் வாசிக்காத மெட்டு

'சென்னையில் திருவையாறு' விழா பல டிசம்பர்களில் நடந்த தேனாம்பேட்டை காமராஜர் அரங்கத்தில் தம்புராவை மட்டும் உன்னிப்பாகக் கேட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். நான்கு தந்திகளிலும் பஞ்சமமும் சட்ஜமும்தான். ஆனாலும் காந்தாரம் கேட்கும். அது பிரமை இல்லை. ஒரு கட்டை சுருதியில் மந்தரத் தந்தி நொடிக்குச் சுமார் 65 முறை அதிர்கிறது. அதன் ஐந்து மடங்கான 325உம் கூடவே ஒலிக்கிறது; அதுவே அந்தர காந்தாரம். தம்புராவின் வளைந்த குதிரை இப்படிப்பட்ட மேல்சுரங்களை வளப்படுத்துவதை சி. வி. ராமன் 1921இல் விளக்கினார்.

பிரமை இருப்பது நம் கைபேசித் தம்புராவில். அந்தச் சின்ன ஒலிபெருக்கியால் 65 அதிர்வை எழுப்ப முடியாது. இருந்தும் மந்தர சட்ஜம் கேட்கிறது. அதன் மடங்குகள் காதில் விழுந்ததும், அடிச்சுரத்தை மூளையே ஊகித்து வைத்துவிடுகிறது.

இதைவிட வியப்பானது டயானா டாய்ச் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட சோதனை. நம் சங்கராபரணத்துக்கு இணையான மேஜர் ஸ்கேலின் ஆரோகணத்தையும் அவரோகணத்தையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு, சுரங்களை இரு காதுகளுக்கும் மாற்றி மாற்றி அனுப்பினார். வலக்காதுக்குப் போவது 'ச் ரி த ம ம த ரி ச்'. இடக்காதுக்கு 'ச நி க ப ப க நி ச'. தாவித் தாவிச் செல்லும் இந்த இரண்டையும் பெரும்பாலோர் கேட்பதில்லை. 'ச் நி த ப ப த நி ச்' என்று மேலே ஒரு மெட்டு, 'ச ரி க ம ம க ரி ச' என்று கீழே ஒன்று: அவர்களுக்குக் கேட்பது இவைதான். எந்தக் காதுக்கும் இவை முழுதாகப் போகவில்லை! அருகருகே உள்ள சுரங்களை மூளை ஒன்றாகக் கோத்துக்கொள்கிறது. ருஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1893இலேயே தன் ஆறாவது சிம்பொனியின் இறுதிப் பகுதியில் ஒரே மெட்டை இரு வயலின் குழுக்களுக்குச் சுரம் சுரமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்.

இந்த விளையாட்டுக்கு யாழைவிடப் பொருத்தமான கருவி நம்மிடம் இல்லை என்பேன். வீணையில் கமகம் சுரங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். யாழிலோ ஒரு நரம்புக்கு ஒரு சுரம்; எவ்வளவு தூரமும் தாவலாம். அறிவியல் பட்டதாரியான விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' வழியே, மறைந்துபோன அந்தக் கருவியைக் கணக்கிட்டு மீட்டார். இன்று சென்னையில் இசைக்கருவிகள் செய்யும் தருண் சேகர் அதை மரத்தில் செய்து காட்டியிருக்கிறார்.

இனி வேண்டியது பாட்டு. மேடையின் இருபுறமும் ஒவ்வொரு யாழை வைத்து, வாசிப்பவர் இருவருமே வாசிக்காத மெட்டை அரங்கம் முழுவதும் கேட்கும்படி ஓர் உருப்படியை நம் இசையமைப்பாளர்கள் வரும் மார்கழிக்குள் எழுத வேண்டும்.