நீங்க ஏறும் வெளிநாட்டு விமானத்தை யார் செக் பண்றது? சிம்பிள் விளக்கம்!

பாலக்கோட்டில் இருந்து துபாய், சிங்கப்பூர்னு வேலைக்குப் போறவங்க பலரும் பெங்களூருவில்தான் விமானம் ஏறுவாங்க. அது பல நேரம் வெளிநாட்டு நிறுவன விமானமா இருக்கும். நம்ம ஊர் பஸ்ஸுக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்சி வாங்கணும். அந்த விமானத்துக்கு?

சான்றிதழ் கொடுப்பது யார்?

விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதோ, அந்த நாடுதான். 1944-ல் உருவான சிகாகோ ஒப்பந்தப்படி, சர்வதேசத் தரத்துக்குக் குறையாமல் ஒரு நாடு கொடுத்த தகுதிச் சான்றை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும்.

அப்போ இந்தியா கேள்வியே கேட்க முடியாதா?

முடியும். அதே ஒப்பந்தத்தின் 16-வது பிரிவு, வந்து இறங்கும் விமானத்தைச் சோதிக்கும் உரிமையைத் தருகிறது. டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரக அதிகாரிகள், விமானம் நிற்கிற இடத்துக்கே போய் பைலட் லைசென்ஸ், டயர், எண்ணெய்க் கசிவு, அவசரகாலக் கருவிகள் எல்லாம் பார்ப்பாங்க. பெரிய குறை இருந்தால், சரி செய்த பிறகுதான் கிளம்ப முடியும்.

349 உயிர்கள் சொன்ன பாடம்

1996 நவம்பர் 12. டெல்லியில் இருந்து கிளம்பிய சவுதி விமானமும், டெல்லிக்கு வந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே நடுவானில் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். சவுதி விமானத்தில் இருந்தவர்களில் பலர் வேலைக்குப் போன இந்தியர்கள். கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியதே காரணம் என நீதிபதி லஹோட்டி விசாரணையில் தெரியவந்தது. அதன் பிறகு, எதிரே விமானம் வந்தால் எச்சரிக்கும் டிகாஸ் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. இது வெளிநாட்டு விமானங்களுக்கும் பொருந்தும்.

2019-ல் என்ன நடந்தது?

எத்தியோப்பியாவில் போயிங் 737 மேக்ஸ் விழுந்து 157 பேர் இறந்தனர். மூன்றே நாளில், மார்ச் 13 அன்று, எந்த நாட்டு மேக்ஸ் விமானமும் இந்திய வான்வெளிக்குள் வரக்கூடாது என டிஜிசிஏ தடை போட்டது.

இதில் ஒரு சிக்கல்

விமானம் வந்து திரும்பும் சில மணி நேரத்தில் இன்ஜினைக் கழற்றிப் பார்க்க முடியாது. முழுப் பராமரிப்பையும் சொந்த நாடுதான் கண்காணிக்கணும். அங்கே கோட்டை விட்டால், இங்கே நடக்கும் சோதனையில் எல்லாமே சிக்காது.

நீங்க என்ன பார்க்கலாம்?

விமானத்தின் வால் பக்கம் உள்ள பதிவு எண்ணைப் பாருங்க. 'விடி'ன்னு ஆரம்பிச்சா இந்தியா, 'ஏ6' அமீரகம், '9வி' சிங்கப்பூர். பாதுகாப்புக் குறைபாட்டுக்காக ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்த நிறுவனங்களின் பட்டியலும் இணையத்தில் இலவசமா கிடைக்குது. டிக்கெட் போடும் முன் ஒரு பார்வை பார்த்துடுங்க!