கோணலை நேராக்கும் கோணல்

பொருட்காட்சியில் குழந்தைகள் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும் இடம், கோணல் கண்ணாடிகள் வரிசையாக நிற்கும் அரங்கு. ஒன்றில் நாம் பூசணிக்காய்; அடுத்ததில் முருங்கைக்காய். அந்தப் பூசணிக்காய் உருவத்தை அப்படியே முருங்கைக்காய்க் கண்ணாடிக்குக் காட்டினால்? ஒரு கோணல் இன்னொன்றைக் கழித்துவிட, உள்ளது உள்ளபடி ஓர் ஆள் தெரிவார். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகள் இந்த வித்தையை நம்பித்தான் வானத்தைப் பார்க்கின்றன.

வானியலாளர்களுக்குத் தலைவலி காற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் குலையாமல் வந்த விண்மீன் ஒளி, கடைசிச் சில கிலோமீட்டரில், சூடும் குளிருமாகக் கலங்கும் காற்றில் நெளிகிறது. அதைத்தான் நாம் மினுக்கல் என்கிறோம். இதனால் 8 மீட்டர் கண்ணாடி பூட்டிய தொலைநோக்கிகூட, நுணுக்கங்களைப் பிரித்துக் காட்டுவதில் 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியைத் தாண்டுவது கடினம். ஒளியை அதிகமாகச் சேர்க்கும், அவ்வளவுதான்.

1953இல் அமெரிக்க வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் ஒரு வழி சொன்னார். கண்ணாடிமேல் எண்ணெய்ப் படலம் பரப்பி, எலெக்ட்ரான் கற்றையால் அதை மேடுபள்ளமாக்கி, ஒளியின் நெளிவைச் சரிக்கட்டலாம் என்றார். அன்றைய மின்னணுவியல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பிறகு அமெரிக்க ராணுவம் இத்துறையில் ரகசியமாக உழைத்தது. அதில் பெரும்பகுதி 1991இல்தான் வெளியே வந்தது. அதற்குள் 1989இல், பிரான்சின் ஓட்-ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில் 19 இடங்களில் தள்ளி இழுக்கக்கூடிய சிறு கண்ணாடி ஒன்று, விண்மீன்களின் மங்கலை நீக்கிக் காட்டிவிட்டது.

வேலை நடக்கும் விதம் இதுதான். வந்த ஒளியில் கொஞ்சத்தைப் பிரித்து, மிகச்சிறிய வில்லைகள் பதித்த தட்டின் வழியே விடுகிறார்கள். ஒவ்வொரு வில்லையும் ஒரு புள்ளி வைக்கும். ஒளி குலையாமல் வந்தால் கோலப் புள்ளிகள்போல வரிசை பிசகாது. குலைந்திருந்தால் புள்ளிகள் விலகும். எந்தப் புள்ளி எந்தப் பக்கம், எவ்வளவு விலகியது என்று கணினி கணக்கிட்டு, எதிர்க்கோணலைக் கண்ணாடிக்குச் சொல்கிறது. கண்ணாடி பாதியளவு வளைந்தால் போதும். ஒளி போகும்போதும் திரும்பும்போதும் அந்த வளைவைக் கடப்பதால் பலன் இரட்டிப்பாகும்.

சிலி நாட்டின் பரனால் மலையில் உள்ள யெப்புன் தொலைநோக்கியின் இரண்டாம் கண்ணாடி 1.12 மீட்டர் அகலம். தடிமனோ 2 மில்லிமீட்டர்தான். ஒலிபெருக்கிக்குள் இருப்பதுபோன்ற 1,170 காந்தச் சுருள்கள் பின்னாலிருந்து அதை ஆட்டுகின்றன. நொடிக்கு ஆயிரம் முறைவரை உருமாறும். நாம் ஒருமுறை இமைப்பதற்குள் நூறு கோணல் காட்டிவிடும்.

அளந்து பார்க்கப் பக்கத்தில் பிரகாசமான விண்மீன் இல்லையென்றால், செயற்கையாக ஒன்றை ஏற்றிவிடுகிறார்கள். எரிகற்கள் விட்டுச்சென்ற சோடியம் அணுக்கள் சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றன. லேசர் பட்டதும் அவை மஞ்சளாக ஒளிர்கின்றன, பழைய தெருவிளக்கின் அதே நிறத்தில்.

இத்தகைய கண்ணாடிகள்தான் நம் பால்வீதியின் மையத்தைத் துலக்கின. அங்கே எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சுற்றிவருகிறது. நடுவில் இருப்பதன் எடை சுமார் 40 லட்சம் சூரியன்கள். அதைக் காட்டிய ரெய்ன்ஹார்ட் கென்சலுக்கும் ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் 2020இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதே கருவியைத் திருப்பி, பார்க்கிறவரின் கண்ணுக்குள்ளேயே விட்டால்? அங்கே காற்று இல்லை. கருவிழியும் லென்ஸும் கண்ணீர்ப் படலமும் ஒளியைக் குலைக்கின்றன. மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுதித் தரும் பவரும் சிலிண்டரும் பெரிய கோணல்களைத்தான் தீர்க்கும். மிச்சமிருக்கும் நுண்கோணல் ஆளுக்கு ஆள் வேறு. எனவே வானத்தில் செய்ததையே இங்கும் செய்தார்கள். மெல்லிய ஒளிக்கற்றையால் விழித்திரையில் ஒரு புள்ளி வைத்து, திரும்பி வரும் ஒளியின் நெளிவை அளந்தார்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் லியாங், வில்லியம்ஸ், மில்லர் மூவரும் 37 இடங்களில் அசையும் கண்ணாடியைக் கொண்டு, உயிருள்ள மனிதரின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்களைத் தனித்தனியாகப் படமெடுத்து 1997இல் வெளியிட்டார்கள். ஒரு செல்லின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான்.

இந்தக் கருவி இன்றும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறது. தலை அசையாமலிருக்கப் பல் அச்சு ஒன்றைக் கடித்தபடி உட்காரவைப்பதும் உண்டு. ஆனால் பரம்பரை விழித்திரை நோயில் செல்கள் ஒவ்வொன்றாக அழிவதை, ஆளைத் துன்புறுத்தாமல் மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்க இது உதவுகிறது.

1999இல் ஆஸ்டின் ரூர்டாவும் வில்லியம்ஸும் வெளியிட்ட இரண்டு படங்கள்தான் எனக்கு வியப்பு. அவற்றில் இருப்பவை இரண்டு பேரின் விழித்திரைகள்; இருவருக்கும் நிறப்பார்வை இயல்பானதே. ஆனால் ஒருவர் கண்ணில் சிவப்புக்கும் பச்சைக்குமான கூம்புகள் ஏறக்குறையச் சமம். மற்றவர் கண்ணில் சிவப்புக் கூம்புகள் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனாலும் ஒரே தக்காளியை இருவரும் சிவப்பென்றே சொல்வார்கள். உள்ளே இவ்வளவு கோணல் இருந்தும் அது வெளியே தெரியாதபடி கழித்துவிடுகிறது மூளை. பாப்காக் எண்ணெயைப் பரப்ப நினைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அது இந்தக் கணக்கைப் போட்டுவருகிறது.