நெருப்பைக் கக்கும் மலைகளும் நாம் பெற வேண்டிய படிப்பினையும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹுத்தஆலாவுக்கே உரியது. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வாசுதேவநல்லூரில் வாழும் நமக்கு மலை என்றாலே மனத்தில் குளிர்ச்சிதான் தோன்றும். மேற்கே நிற்கும் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்து நமக்குத் தருகிறது; குளங்கள் நிறைகின்றன. மலைகளைப் பூமிக்கு முளைகளாக ஆக்கியிருப்பதாக இறைமறையும் கூறுகிறது. அதே படைப்பாளன் நாடினால் மலை பிளந்து நெருப்பைக் கக்கவும் செய்கிறது. அந்த நெருப்பு நமக்கு வெகு தொலைவு என்று எண்ணிவிட வேண்டாம்.

சென்னையில் தெரிந்த பச்சைச் சூரியன்

1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள கிரகடோவா எரிமலைத் தீவு வெடித்துச் சிதறியது. அந்த ஓசை சுமார் 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராட்ரிக்ஸ் தீவிலும் கேட்டது. 36,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று. வெடிப்பினால் எழுந்த கடற்பேரலைகளே. கரையோரத்து முஸ்லிம் கிராமங்கள் பல அடியோடு அழிந்தன. சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களின் அலைமானிகளிலும் அந்தக் கடலின் கொந்தளிப்பு பதிவாயிற்று. செப்டம்பர் மாதத்தில் சென்னை மக்கள் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றக் கண்டு திகைத்தனர். வானில் பரவிய எரிமலைத் தூசியே அதற்குக் காரணம்.

எரிமலை கக்கும் கந்தக வாயு மிக உயரத்திற்குச் சென்று நீராவியுடன் சேர்ந்து நுண்துளிகளாகிறது. அவை சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டின் பினடூபோ 1991இல் வெடித்த பின்னர் உலகின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்தது. எங்கோ ஒரு மலை வாய் திறந்தால் உலகெங்கும் வெயில் மாறுகிறது. நம் நாட்டிலும் அந்தமான் கடலில் பாரன் தீவு என்னும் எரிமலை உள்ளது. 1832க்குப் பின் நெடுங்காலம் உறங்கிய அது 1991இல் மீண்டும் விழித்தது.

மதீனாவை நெருங்கிய நெருப்பு

இஸ்லாமிய வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. ஹிஜாஸ் பூமியிலிருந்து ஒரு நெருப்புத் தோன்றி, சிரியாவின் புஸ்ரா நகரிலுள்ள ஒட்டகங்களின் கழுத்துகளை ஒளிரச் செய்யும் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்ததாக புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 654, ஜமாதுல் ஆகிர் மாதத்தில் (கி.பி. 1256) மதீனா பூமி பலமுறை அதிர்ந்தது. பின்னர் ஒரு வெள்ளிக்கிழமையன்று நகருக்கு வெளியே நிலம் பிளந்து நெருப்பாறு பெருகியது. அது 52 நாட்கள் நீடித்தது. உருகிய பாறை சுமார் 23 கிலோமீட்டர் தூரம் ஓடி, நகரைத் தொடாமல் நின்றது. அக்காலத்தில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இது தம் காலத்தில் நிகழ்ந்ததென எழுதியுள்ளார்கள்.

அப்போது மதீனா மக்கள் என்ன செய்தார்கள்? பெண்களும் குழந்தைகளும் உட்பட அனைவரும் மஸ்ஜிதுந் நபவீயில் கூடி அழுது துஆச் செய்தார்கள். காழீ அவர்கள் அமீரிடம் சென்று அல்லாஹ்வின் பக்கம் திரும்புமாறு அறிவுறுத்தினார்கள். அமீர் தம் அடிமைகளை விடுதலை செய்தார். பிறரிடமிருந்து எடுத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகே பள்ளிக்கு வந்து மக்களோடு மக்களாக இரவைக் கழித்தார்.

சகோதரர்களே! இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். கண்ணீர் விடுவது எளிது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது கடினம். தவ்பா என்பது நாவோடு நின்றுவிடுவதன்று. அடியார்களின் உரிமையை ஒப்படைத்தால்தான் அது முழுமை பெறும். உடன்பிறந்த சகோதரிக்குச் சேர வேண்டிய வாரிசுப் பங்கைக் கொடுக்காமல் வைத்திருப்பவர், கூலியாளின் கூலியை நிறுத்தி வைத்திருப்பவர், நிலத்தின் வரப்பை நகர்த்தியவர் எவராயினும், தம் வாசலில் நெருப்பு வரும்வரை காத்திருக்கலாமா?

யாருக்கு எச்சரிக்கை?

எங்கேனும் பேரிடர் நிகழ்ந்தால், அது அந்த மக்களின் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்று நம்மில் சிலர் உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். இது தவறு. நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அவருக்காகவே கிரகணம் பிடித்தது என மக்கள் பேசிக்கொண்டபோது, அதனை நபியவர்கள் மறுத்தார்கள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவ்வாறு நிகழ்வதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று விளக்கினார்கள். தொழுகை, தக்பீர், ஸதகா ஆகியவற்றை ஏவினார்கள். அடிமைகளை விடுதலை செய்யவும் கட்டளையிட்டார்கள். மதீனாவாசிகளும் அந்த நெருப்பைத் தங்களுக்கான எச்சரிக்கையாகவே கண்டு தங்களைத் திருத்திக்கொண்டார்கள். பிறர் மீது பழி சுமத்தவில்லை. அண்ணலாரின் நகரத்தார் மற்ற ஊராரைவிடப் பாவிகளாக இருந்தார்கள் என்று எவரேனும் கூறத் துணிவாரா?

ஒட்டகத்தைக் கட்டுங்கள்

அதே ஆண்டு ரமளானில் இன்னொன்றும் நிகழ்ந்தது. எரிமலை தொடாத மஸ்ஜிதுந் நபவீ, பணியாளர் ஒருவர் விளக்குடன் சாமான் அறைக்குள் சென்றபோது பற்றிய தீயில் எரிந்துபோனது. மலையின் நெருப்பிலிருந்து தப்பிய இடத்தை ஒரு சிறு விளக்கு எரித்தது! ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பிறகு அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள் என்பதே நபிவழி.

பினடூபோ வெடிக்குமுன் அறிவியலாளர்கள் எச்சரித்ததால் பல்லாயிரம் மக்கள் உரிய நேரத்தில் வெளியேறி உயிர் தப்பினர். 2009இல் மதீனாவுக்கு வடமேற்கே அல்ஈஸ் பகுதியில் எரிமலைப் பாறை நிலம் அதிர்ந்தபோது, சவூதி அரசு ஆயிரக்கணக்கான மக்களை வெளியேற்றியது. அறிவிப்பைக் கேட்டு நடப்பதும், குடும்பத்தைப் பாதுகாப்பான இடத்திற்கு அழைத்துச் செல்வதும் தவக்குலுக்கு முரணானவை அல்ல.

உதவும் கரங்கள்

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கருகே கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. அப்போது பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தினர், வீடிழந்த மீனவச் சகோதரர்களுக்கு மதம் பாராமல் உணவும் தங்குமிடமும் அளித்தனர். அவர்கள் அம்மக்களின் பாவ புண்ணியத்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை; பசித்த வயிற்றைப் பார்த்தார்கள்.

ஆகவே சகோதரர்களே! பேரிடர்ச் செய்தி வரும்போது முதலில் நம் கணக்கைப் பார்ப்போம். பிறருக்குரியது நம்மிடம் இருந்தால் இன்றே ஒப்படைப்போம். பிறகு பாதிக்கப்பட்டோருக்குக் கை கொடுப்போம். நம் பிள்ளைகளுக்கு இம்மண்ணும் மலையும் இயங்கும் விதத்தைக் கற்பிப்போம். அவற்றைப் படைத்தவனின் வல்லமையை அவர்கள் அதில் காண்பார்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பேரிடர்களிலிருந்து காத்து, அடியார்களின் உரிமைகளை நிறைவேற்றிய நிலையில் அவனைச் சந்திக்கும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.