இரட்டை நற்கூலிக்குரிய மழலைகள்

திருக்குர்ஆனைத் தேர்ந்து ஓதுவோர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பர் என்றும், திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுவோருக்கு இரண்டு நற்கூலிகள் உண்டு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற நபிமொழி இது. முதுமையில் ஓதக் கற்போருக்கு ஆறுதலாக இதனை அடிக்கடி எடுத்துரைக்கிறோம். ஆனால் ஏழு வயதாகியும் அலிஃபையும் பேயையும் பிரித்தறியாமல் மக்தபின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு இதனைச் சொல்வோர் மிகச் சிலரே. “இவனுக்கு ஓத வராது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்” என்ற சொல்லே பல ஊர்களில் அவர்கள் காதில் விழுகிறது.

சில குழந்தைகள் நடப்பதிலும் பேசுவதிலும் பிறர் சொல்வதை விளங்கிக்கொள்வதிலும் தம் வயதினருக்குப் பின்தங்குகின்றனர். ஒன்றரை வயதாகியும் நடக்காத, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராத குழந்தையை மருத்துவரிடம் காட்டுவது பெற்றோரின் பொறுப்பாகும். “இவன் வாப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்” என்று பாட்டிமார் கூறும் தேறுதலிலேயே மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. மூளை மிக விரைந்து வளர்வதும், பயிற்சி நன்கு பலன் தருவதும் அந்த ஆண்டுகளில்தான். முதற்கண் செவிப்புலனைச் சோதித்தறிய வேண்டும். காது கேளாத பிள்ளையை அறிவு குறைந்த பிள்ளை என்றெண்ணி விட்டுவிட்ட குடும்பங்களும் உண்டு.

துஆ ஓதி ஊதுவதை எவரும் தடுக்கவில்லை. ஆயினும் கழுத்தில் தாயத்தைக் கட்டிவிட்டு மருத்துவமனையின் பக்கமே செல்லாதிருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. குழந்தையின் நிலைக்குத் தாயின் பாவமே காரணம் என்று தூற்றும் வழக்கமோ அறியாமைக் காலத்தின் எச்சம். அதனைப் பற்றி வேறு பேச வேண்டியதில்லை.

மதீனாவில் அறிவில் சற்றுக் குறையுடைய பெண்மணி ஒருவர் இருந்தார். தமக்கு ஒரு தேவை இருப்பதாக அவர் கூறியபோது, எந்தத் தெருவை விரும்புகிறாயோ அங்கு வந்து கேட்கிறேன் என்று கூறி, அவருடன் சென்று, அவர் தம் தேவையை முடித்துக்கொள்ளும் வரை நாயகம் (ஸல்) அவர்கள் நின்றார்கள் என அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு சமுதாயத்தின் தலைவர், தெருவோரத்தில், அவசரமின்றி! நம் மக்தப்களுக்குத் தேவையானது அந்த நிதானமே.

இத்தகைய பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துக. ஒரு பலகையில் ஓர் எழுத்தை மட்டும் எழுதி, அதனை விரலால் தடவச் செய்க. மற்றவர்கள் ஒரு ஜுஸ்உவை முடிக்கும் காலத்தில் இவன் இக்லாஸ் சூராவை மட்டும் ஓதினால் அதுவே போதும். சொல்லில் பின்தங்கும் பிள்ளைகள் பலர் வரிசை மாறாத செயலில் தேறிவிடுவர். ஒளூவை வாயால் விளக்கிக் கொண்டிராமல் ஹவ்ளு அருகே நின்று நாள்தோறும் ஒரே முறையாகச் செய்து காட்டினால் கற்றுக்கொள்வர். தொழுகையின் நிலைகளும் அவ்வாறே. பிரம்பினால் இதில் எதுவும் நடவாது.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை சட்டமே துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற, 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது. ஆறு வயதுக்குட்பட்டோரைச் சோதித்துப் பயிற்சியளிக்க மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் உள்ளன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் அமைக்கப்பட்ட பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இப்பணியைச் செய்கிறது. பள்ளிக்கூடம் சட்டத்தின் பேரால் திறக்கும் கதவை மக்தப் மூடுமாயின் அது நமக்கன்றோ நாணம்?

“ஏழு வயதாகிவிட்டது, இவன் தொழாவிட்டால் எங்கள் மீது குற்றமா?” என்று பெற்றோர் பலர் அஞ்சிக் கேட்கின்றனர். ஏழு வயதில் ஏவுவது நன்மை தீமை பிரித்தறியும் ஆற்றலுடன், அதாவது தம்யீஸுடன், இணைத்தே சட்ட நூல்களில் பேசப்படுகிறது. எந்த ஆன்மாவின் மீதும் அதன் சக்திக்கு மேல் சுமத்துவதில்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் இறுதி வசனம் தரும் உறுதி. விளங்கும் அளவுக்குக் கற்பியுங்கள். விளங்காததற்கு அவனிடமும் கேள்வியில்லை, முயன்ற உங்களிடமும் இல்லை. பெருநாளன்று புத்தாடை அணிவித்து, அத்தர் பூசி, உங்கள் கையைப் பிடித்தபடி ஈத்காவுக்கு அவனை அழைத்து வருவதற்கோ எத்தடையும் இல்லை.